விதைநெல்லும் நூறு கம்ப்யூட்டர்களும்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் வர முடியல. இந்தப் பதிவுக்குக் காரணமே அந்த ஆணிதான்.

போன மாசம் ஒரு சின்ன ஐடியாவை டெஸ்ட் பண்ணிப் பார்க்க எங்க டேமேஜர் கிட்ட ஒரு சர்வர் கேட்டேன். பெருசா ஒண்ணும் இல்ல, ரெண்டு வாரத்துக்கு ஒரே ஒரு மெஷின். ஒரு ஃபார்ம் அனுப்பினாங்க. அதுல ஒரு கேள்வி: "இதனால் கிடைக்கப்போகும் பலன் என்ன? எண்ணிக்கையில் குறிப்பிடவும்." பலன் எவ்வளவுன்னு முன்னாடியே தெரிஞ்சா நான் எதுக்குங்க டெஸ்ட் பண்ணப் போறேன்? ஃபார்மை மூடி வெச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

டீ குடிக்கும்போது எங்க ஆச்சி ஞாபகம் வந்துச்சு. அறுப்பு முடிஞ்சதும் நல்ல நெல்லாப் பார்த்து எடுத்து, வைக்கோல்ல கோட்டை கட்டி, சாணி மெழுகி, தனியா வெச்சிருவாங்களாம். வீட்டுல அரிசி இல்லைன்னா அடுத்த வீட்டுல கடன் வாங்குவாங்க, கோட்டையில கை வைக்க மாட்டாங்க. அது விதைநெல். முளைக்குமா, மழை வருமா, யாருக்கும் கேரண்டி கிடையாது. ஆனாலும் அதைத் தனியா எடுத்து வைக்கலைன்னா அடுத்த வருஷம்னு ஒண்ணே கிடையாது.

ஆராய்ச்சி உலகத்துலயும் இதே பேர்ல ஒரு பணம் இருக்கு. விதைப்பணம். ஒரு ஐடியா தேறுமான்னு நிரூபிக்கிறதுக்கு முன்னாடியே, பல்கலைக்கழகம் தன் கையிலிருந்து கொடுக்கிற சின்னத் தொகை. இந்தப் பதிவு அப்படிப்பட்ட பணத்தைப் பத்தித்தான். இடம், கலிஃபோர்னியாவுல இருக்கிற சான்டா குரூஸ். ஒரே கேம்பஸ்ல பதினைந்து வருஷ இடைவெளியில ரெண்டு தடவை விதை போட்டாங்க. முதல் தடவை பயிர் வேற வயல்ல விளைஞ்சது. ரெண்டாவது தடவை விளைஞ்சதை நம்ம எல்லாருக்கும் சும்மாவே கொடுத்துட்டாங்க.

ஒரு டெலஸ்கோப் கைவிட்டுப் போன கதை

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான்டா குரூஸ் கேம்பஸ் 1965-ல ஆரம்பிச்சது. கீழே மான்டரே விரிகுடா, மேலே செம்மரக் காடு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ் மாதிரி அண்ணன்மார்கள் பக்கத்துல இது ஒரு தம்பி. (அவங்க கேம்பஸ் சின்னம் என்ன தெரியுமா? சிங்கமோ கரடியோ இல்ல. ஓடு இல்லாத ஒரு மஞ்சள் நத்தை!)

1977-லிருந்து 1987 வரைக்கும் அங்க சான்சலரா இருந்தவர் ராபர்ட் சின்ஷைமர். நம்ம ஊர் துணைவேந்தர் மாதிரி, கேம்பஸை நடத்துற பொறுப்பு. சின்ஷைமர் அடிப்படையில ஒரு உயிரியல் விஞ்ஞானி. ஃபை-எக்ஸ்-174-ன்னு ஒரு குட்டி வைரஸை வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணினவர். அந்த வைரஸோட மொத்த டி.என்.ஏ.-வும் 5,386 எழுத்துதான். 1977-ல ஃப்ரெட் சாங்கர் குழு அதை எழுத்து எழுத்தாப் படிச்சு வெளியிட்டாங்க. ஒரு உயிரோட முழு நிரலையும் கையில வெச்சுப் பார்த்தா எப்படி இருக்கும்ங்கிற ருசி சின்ஷைமருக்கு அப்பவே தெரியும்.

லிக் வானாய்வகம் சான்டா குரூஸோட பொறுப்புல இருந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வானியலாளர்களுக்கு 10 மீட்டர் டெலஸ்கோப் ஒண்ணு கட்டணும்னு ஆசை. மேக்ஸ் ஹாஃப்மன்னு ஒருத்தர், ஐரோப்பியக் கார்களை அமெரிக்காவுல இறக்குமதி பண்ணிப் பணக்காரர் ஆனவர். அவரோட குடும்ப அறக்கட்டளை 36 மில்லியன் டாலர் தர ஒத்துக்கிட்டது. டெலஸ்கோப்புக்கு அதுவே பத்தாது. மிச்சப் பணத்துக்கு அலையும்போது கால்டெக் உள்ளே வந்தது, கூடவே கெக் அறக்கட்டளை 70 மில்லியன் டாலரோட வந்தது. டெலஸ்கோப்புக்கு கெக் பேரு வெச்சாச்சு. நம்ம ஊர் கல்யாண மண்டப நன்கொடைக் கல்வெட்டு மாதிரிதான். பேரு வேற ஆளுக்குப் போயிடுச்சுன்னா முதல்ல கொடுக்கிறதாச் சொன்னவர் என்ன பண்ணுவார்? ஹாஃப்மன் பணம் விலகிடுச்சு. அந்த டெலஸ்கோப் இன்னிக்கு ஹவாய்த் தீவுல மௌனா கியா மலை உச்சியில இருக்கு.

சின்ஷைமர் இடத்துல நீங்க இருந்தா? 36 மில்லியன் டாலர் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போகுது. அதைத் திருப்பிக் கூப்பிட, வேற எதுக்கும் குறையாத ஒரு பெரிய ஐடியா வேணும். வானியல்காரங்க பெரிய மெஷின் கேக்கிறாங்க, இயற்பியல்காரங்க பெரிய மெஷின் கேக்கிறாங்க. உயிரியல்ல மட்டும் ஏன் யாரும் பெருசாக் கேக்க மாட்டேங்கிறாங்கன்னு யோசிச்சார். 1984 கடைசியில அவருக்கு வந்த பதில்: மனுஷனோட முழு ஜீனோமையும் படிக்க ஒரு ஆராய்ச்சிக் கூடம்.

அந்தக் காலத்துல இது எவ்வளவு பெரிய வாய்னு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. வைரஸ் 5,386 எழுத்து. மனுஷன் சுமார் 300 கோடி எழுத்து.

தன்னோட கேம்பஸ் உயிரியலாளர்கள் ஹாரி நோலர், ராபர்ட் எட்கர், ராபர்ட் லுட்விக் மூணு பேரையும் கூப்பிட்டுக் கேட்டார். அவங்க சொன்ன யோசனை: "முதல்ல விஷயம் தெரிஞ்சவங்களைக் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்போம்." 1985 மே மாசம் சான்டா குரூஸ்ல ஒரு சின்னப் பட்டறை நடந்தது. பத்துப் பன்னிரண்டு விருந்தாளிகள். ஆனா வந்தவங்க லிஸ்டைப் பாருங்க. டி.என்.ஏ. படிக்கிற முறைக்கு நோபல் வாங்கின வால்டர் கில்பர்ட். கால்டெக்ல இருந்து லீ ஹூட். இங்கிலாந்துல இருந்து புழு ஜீனோம்காரர் ஜான் சல்ஸ்டன், சாங்கர் பட்டறையில வளர்ந்த பார்ட் பேரல். டேவிட் பாட்ஸ்டீன். அப்போ இளைஞரா இருந்த ஜார்ஜ் சர்ச். கணிதக்காரர் மைக்கேல் வாட்டர்மன். உயிரியல், வேதியியல், கருவி செய்றவங்க, கணக்குப் போடுறவங்க எல்லாரும் ஒரே ரூம்ல.

என்ன முடிவு? "பண்ண முடியும்" அப்படிங்கிறதுல கிட்டத்தட்ட ஒத்துமை. "பண்ணணுமா" அப்படிங்கிறதுல ரெண்டு கட்சி. பாதி டி.என்.ஏ. அர்த்தமில்லாத குப்பை மாதிரி இருக்கு, அதைப் போய் ஏன் காசு கொட்டிப் படிக்கணும்னு ஒரு கட்சி கேட்டது. நியாயமான கேள்விதான்.

சின்ஷைமர் கேட்ட ஆராய்ச்சிக் கூடம் கடைசி வரைக்கும் சான்டா குரூஸுக்கு வரல. பல்கலைக்கழக மேலிடத்துக்கு எழுதினார், வெளியே கேட்டார், பணம் கிடைக்கல. 1987-ல பதவியிலிருந்தும் ஓய்வு பெற்றுட்டார்.

வேற வயல்ல முளைச்சது

ஆனா விதை செத்துப் போகல. பட்டறைக்கு வந்த கில்பர்ட் அங்கிருந்து கிளம்பும்போது மத மாற்றம் ஆனவர் மாதிரிக் கிளம்பினார். போற இடமெல்லாம் ஜீனோம் பிரசங்கம். 1986-ல கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் கூட்டத்துல எழுத்துக்கு ஒரு டாலர், மொத்தம் 300 கோடி டாலர்னு அவர் கணக்குப் போட்டுக் காட்டினதும் அரங்கமே கொந்தளிச்சது. நம்ம சின்னச் சின்ன ஆராய்ச்சிப் பணமெல்லாம் இந்த யானை வாய்க்குள்ள போயிடும்ங்கிற பயம்.

இதே சமயத்துல அமெரிக்க எரிசக்தித் துறையில சார்லஸ் டிலிசிங்கிறவர் கிட்டத்தட்ட இதே யோசனையோட வந்து, 1986 மார்ச்ல சான்டா ஃபேல தனிக் கூட்டம் போட்டார். (அணுகுண்டுத் துறைக்கு ஜீனோம்ல என்ன வேலைன்னு கேக்காதீங்க. கதிர்வீச்சால டி.என்.ஏ.-வுல என்ன மாற்றம் வருதுன்னு பார்க்கிறது அவங்க பழைய வேலை.) அப்புறம் என்.ஐ.எச். வந்தது, கமிட்டிகள் வந்தது. 1990 அக்டோபர்ல ஹ்யூமன் ஜீனோம் ப்ராஜெக்ட் முறைப்படி ஆரம்பிச்சது. 15 வருஷம், 300 கோடி டாலர்.

பெரிய பெரிய சீக்வென்சிங் மையங்கள் வேற ஊர்கள்ல எழும்பிச்சு. சான்டா குரூஸுக்கு அதுல ஒரு இடமும் இல்ல. முதல் பட்டறை நடந்த இடம்னு வரலாற்றுல ஒரு வரி மட்டும்தான் மிச்சம். கதை இங்க முடிஞ்சிருந்தா நான் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன்.

கிழிஞ்ச பாட்டுப் புத்தகம்

1998. க்ரெய்க் வென்டர் செலேரான்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சார். "நீங்க 2005-ல முடிக்கிறதை நான் மூணே வருஷத்துல முடிக்கிறேன்"னு சவால். 300 புது சீக்வென்சர் மெஷின், காம்பேக் ஆல்ஃபா கம்ப்யூட்டர்களால நிறைஞ்ச பெரிய ஹால். 1999 அக்டோபர்ல, 6,500 ஜீன்களுக்குப் பூர்வாங்க பேடன்ட் விண்ணப்பம் போட்டதா அந்தக் கம்பெனியே அறிவிச்சது. விஞ்ஞானிகளுக்கு வயித்துல புளி கரைச்சது. நம்ம உடம்புக்குள்ள இருக்கிற நிரலைப் படிக்க சந்தா கட்டணுமா?

பொதுத் திட்டத்துல இதுக்கு ஒரு தடுப்பு ஏற்கனவே இருந்தது. 1996-ல பெர்முடாவுல கூடி, படிச்ச துண்டுகளை 24 மணி நேரத்துக்குள்ள எல்லாருக்கும் வெளியிடணும்னு ஒத்துக்கிட்டிருந்தாங்க. ஆனா அங்கதான் சிக்கல். வெளியிட்டது எல்லாம் துண்டு. 2000-ல ஏறத்தாழ 4 லட்சம் துண்டு. எது முன்னாடி, எது பின்னாடி, எது தலைகீழ், தெரியாது.

பொட்டி தட்டுற நம்ம ஆளுங்களுக்காக ஒரு உதாரணம். ஒரு பழைய சினிமாப் பாட்டுப் புத்தகம். அதோட பல பிரதிகளைத் தாறுமாறாக் கிழிச்சு ஒரு சாக்குல போட்டுக் குலுக்குங்க. இப்ப புத்தகத்தைத் திரும்ப ஒட்டணும். ஒரு துண்டோட முடிவும் இன்னொரு துண்டோட தொடக்கமும் ஒரே மாதிரி இருந்தா ஒட்டலாம், சரி. ஆனா பல்லவி? ஒவ்வொரு சரணத்துக்கு அப்புறமும் அதே வரி திரும்பத் திரும்ப வருமே! எந்தப் பல்லவி எந்தச் சரணத்தோடது? மனுஷ ஜீனோம்ல கிட்டத்தட்ட பாதி இப்படித் திரும்ப வர்ற பல்லவிதான். போதாக்குறைக்கு நடுநடுவுல பக்கமே காணோம்.

1999 டிசம்பர்ல எரிக் லேண்டர், சான்டா குரூஸ்ல இருந்த டேவிட் ஹவுஸ்லரைக் கூப்பிட்டார். ஹவுஸ்லர் ஒரு கம்ப்யூட்டர் சயன்ஸ் பேராசிரியர். டி.என்.ஏ.-வுல ஜீன் எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு கண்டுபிடிக்க மார்க்கோவ் மாடல்களை வெச்சு விளையாடிட்டிருந்தவர். ஜீன்களைத் தேடித் தரணும், அதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. ஹவுஸ்லர் உள்ளே போய்ப் பார்த்தா, தேடுறதுக்கு ஒரு ஒழுங்கான புத்தகமே இல்ல. நாலு லட்சம் காகிதத் துண்டுதான் இருக்கு.

நூறு பென்டியம்

ஹவுஸ்லர் பல்கலைக்கழகத்துல போய்க் கேட்டார்: கம்ப்யூட்டர் வேணும், இப்பவே வேணும். அப்போ சான்சலரா இருந்தவர் எம்.ஆர்.சி. கிரீன்வுட். சான்டா குரூஸ்ல இன்ஜினியரிங் பள்ளியே 1997-லதான் ஆரம்பிச்சிருந்தாங்க, மூணு வயசுக் குழந்தை. ஜீனோம் திட்டத்துல அந்த கேம்பஸ் ஒரு பெரிய மையமும் கிடையாது. "உங்களை யாருய்யா ஒட்டித் தரச் சொன்னா?"ன்னு கேட்டிருந்தா பதில் சொல்ல முடியாது. ஒட்டுற வேலையை வேற இடங்கள்ல ஏற்கனவே முயற்சி பண்ணிட்டிருந்தாங்க. கிராண்ட் எழுதி அனுப்பி, கமிட்டி படிச்சு, பணம் வர ஒரு வருஷம் ஆகும். பந்தயம் முடிய மாசக் கணக்குதான் இருந்தது.

நிர்வாகம் பணத்தைக் கொடுத்தது. 100 பென்டியம்-3 மெஷின் வாங்கினாங்க. எங்க மாமாவோட டி.டி.பி. சென்டர்ல கல்யாணப் பத்திரிகை அடிக்க வெச்சிருந்தாரே, அதே ஜாதி டப்பாதான். அது மாதிரி நூறு. செலேராவோட ஆல்ஃபா ஹாலுக்கு முன்னாடி அது கோயில் தேருக்குப் பக்கத்துல நடைவண்டி. 300 கோடி டாலர் திட்டத்துல இந்தச் செலவு ரவுண்டிங் எர்ரர்ல காணாமப் போயிடும்.

மெஷின் வந்தாச்சு. ப்ரோகிராம்? இங்கதான் ஹீரோ என்ட்ரி.

ஜிம் கென்ட். வயசு நாற்பது. உயிரியல் துறையில பிஎச்.டி. மாணவர், ஆனா அதுக்கு முன்னாடி முழுநேர ப்ரோகிராமர். அமிகா, அடாரி காலத்துல அனிமேஷன் சாஃப்ட்வேர் எழுதினவர், ஆட்டோடெஸ்க் அனிமேட்டர் அவர் கை வேலை. விண்டோஸ் 95-க்கு ப்ரோகிராம் எழுதணும்னா 12 சி.டி. நிறைய ஆவணம் படிக்கணும், அதுவும் ஆறு மாசத்துக்கு ஒருதரம் மாறிடும்னு சலிச்சுப் போனாராம். மனுஷ ஜீனோம் ஒரே சி.டி.யில அடங்கிடும், அடிக்கடி மாறவும் மாறாதே, அதையே படிப்போமேன்னு உயிரியலுக்கு வந்ததா அவரே வேடிக்கையாச் சொல்லியிருக்கார். கணக்குப் போட்டுப் பாருங்க: ஒரு எழுத்துக்கு 2 பிட், 300 கோடி எழுத்துக்கு 750 எம்.பி. கொஞ்சம் அமுக்கினா சி.டி.தான்! ஃப்ரேம்வொர்க் அப்டேட்ல மண்டை காயுற யாருக்கும் இவரைப் பிடிக்காமப் போகாது :-)

2000 மே மாசம். ஒட்டுற வேலை எங்கேயும் ஓடி முடியல. கென்ட் ஹவுஸ்லர் கிட்ட, நானே எழுதிப் பார்க்கிறேன்னார். நாலு வாரம். சி மொழியில சுமார் 10,000 வரி. ராத்திரி மணிக்கட்டுல ஐஸ் வெச்சு வீக்கத்தை இறக்கிட்டு, காலையில மறுபடியும் கோட். அந்த ப்ரோகிராமுக்கு வெச்ச பேரு ஜிக்அசெம்ப்ளர்.

அது எப்படி வேலை செஞ்சுதுன்னா, ரொம்ப நல்லா ஒட்டுற துண்டுகளை முதல்ல ஒட்டிடும். இருக்கிறதுலயே சிறந்ததை முதல்ல எடுத்துக்கோ, அடுத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்ங்கிற 'க்ரீடி' முறை. சேர்ந்த துண்டுகளுக்கு கென்ட் வெச்ச பேரு தெப்பம். அதைவிடப் பெரிய கூட்டுக்கு பேரு பாரம் தூக்குற படகு. அப்புறம் தெப்பங்களை வரிசையாக் கட்ட துப்பு வேணும். செயின்ட் லூயிஸ்ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்காரங்க போட்ட வரைபடம் ஒரு துப்பு. உடம்புல வேலை செய்ற ஆர்.என்.ஏ. நகல்கள் இன்னொரு துப்பு. ஒரே ஆர்.என்.ஏ.-வோட தலை ஒரு தெப்பத்துலயும் வால் இன்னொரு தெப்பத்துலயும் இருந்தா ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கணும்ல? வரைபடம் ஜீனோமை ஏற்கனவே பகுதி பகுதியாப் பிரிச்சிருந்ததால ஒவ்வொரு பகுதியையும் தனி மெஷினுக்குக் கொடுத்துடலாம். அதனாலதான் சூப்பர் கம்ப்யூட்டர் இல்லாம நூறு சாதா டப்பா போதுமானதா இருந்தது.

2000 ஜூன் 22. சான்டா குரூஸ்ல முதல் ஒட்டு முடிஞ்சது. செலேராவோட ஒட்டு முடிஞ்சது ஜூன் 25. மூணே நாள் வித்தியாசம்! ஜூன் 26-ம் தேதி வெள்ளை மாளிகையில கிளின்டன் நடுவுல நிக்க, ஒரு பக்கம் பொதுத் திட்டத்தோட ஃப்ரான்சிஸ் காலின்ஸ், இன்னொரு பக்கம் வென்டர். "சேர்ந்து முடிச்சோம்"னு அறிவிப்பு. கென்ட்டோட வேலை இல்லாமப் போயிருந்தா பொதுத் திட்டத்து மேடையில சாக்கு மூட்டைதான் இருந்திருக்கும்.

ஜூலை 7-ம் தேதி அந்த ஒட்டின ஜீனோமை யார் வேணும்னாலும் இறக்கிக்கலாம்னு இணையத்துல போட்டாங்க. பாஸ்வேர்டு இல்ல, சந்தா இல்ல. முதல் 24 மணி நேரத்துல அரை டெராபைட் இறக்கம். டயல்-அப் காலத்துல!

யாருக்குச் சொந்தம்?

உண்மையைச் சொல்லணும்னா, இதை நல்லவன் கெட்டவன் படமா எடுக்க முடியாது. செலேராகாரங்களும் அசாத்தியமான இன்ஜினியர்கள்தான். அவங்க வேகம் இல்லைன்னா பொதுத் திட்டம் இவ்வளவு அவசரப்பட்டிருக்காது. செலேரா தன்னோட ஒட்டுல பொதுத் துண்டுகளையும் சேர்த்துக்கிட்டது. 2001 பிப்ரவரியில ரெண்டு குழுவோட கட்டுரையும் அடுத்தடுத்த நாள்ல வெளிவந்தப்போ, கல்வி நிறுவன ஆய்வாளர்கள் செலேரா தகவலை வாரத்துக்கு 10 லட்சம் எழுத்து வரைக்கும் இலவசமா இறக்கிக்கலாம்னு ஏற்பாடு. 300 கோடி எழுத்துக்கு அந்த வேகத்துல எத்தனை வருஷம்? வகுத்துப் பாருங்க. 3,000 வாரம். கிட்டத்தட்ட 58 வருஷம்.

இந்தப் பூட்டு எவ்வளவு வலிக்கும்னு பின்னாடி ஒரு பொருளாதார நிபுணர் அளந்தே பார்த்தார். ஹைடி வில்லியம்ஸ், 2013-ல வந்த ஆய்வு. கொஞ்ச காலம் செலேரா உரிமையில இருந்த ஜீன்கள் மேல, அதுக்கு அப்புறமும் ஆராய்ச்சியும் மருத்துவப் பரிசோதனைகளும் 20-லிருந்து 30 சதவீதம் வரைக்கும் குறைவு. பூட்டைத் திறந்ததுக்கு அப்புறமும் தழும்பு போகல. 2005-ல செலேரா தன் தகவலைப் பொதுவில் கொடுத்துடுச்சு.

கென்ட்டை ராத்திரி பகலா உக்கார வெச்சது இந்தப் பேடன்ட் பயம்தான்னு அவரே சொல்லியிருக்கார். ஒட்டின கையோட, அதைப் பார்க்க ஒரு ஜீனோம் ப்ரௌசரும் எழுதினார். அதோட வேர், அவர் புழு ஜீனோமுக்காக மாணவரா எழுதின ஒரு சின்ன ப்ரோகிராம். அந்த ப்ரௌசர் இன்னிக்கும் சான்டா குரூஸ்லிருந்து ஓடுது. 2020-ல கொரோனா வைரஸோட ஜீனோமும் அதுல வந்து உக்காந்தது. உலகத்துல எந்த ஊர்ல ஒரு குழந்தைக்கு அபூர்வ மரபணு நோய்னு சந்தேகம் வந்தாலும், அங்க இருக்கிற டாக்டரோ ஆய்வாளரோ அந்த எழுத்துகளைத் திறந்து பார்க்க யார்கிட்டயும் பர்மிஷன் கேக்க வேண்டியதில்ல.

விதைப்பணத்தோட கணக்கு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலதுல விதைப்பணம் ஒரு முறையான ஏற்பாடா ஆயிடுச்சு. ஸ்டான்ஃபோர்டோட பயோ-எக்ஸ் நல்ல உதாரணம். 1998-ல ஆரம்பிச்சு, 2000-லிருந்து விதைப்பணம் கொடுக்கிறாங்க. ரெண்டு வருஷத்துக்கு, வேற வேற துறைக்காரங்க சேர்ந்து வந்து கேட்டா. கம்ப்யூட்டர்காரரும் டாக்டரும், இயற்பியல்காரரும் ஜீன்காரரும் ஒண்ணா வரணும். எல்லாரும் ஒரே கூரைக்கு கீழ உக்கார 2003-ல கிளார்க் சென்டர்னு ஒரு கட்டடமே திறந்தாங்க.

ஏன் வெளியே கேக்காம பல்கலைக்கழகமே கொடுக்கணும்? பெரிய அரசு கிராண்ட் கொடுக்கிற கமிட்டி "முதல்கட்ட முடிவு காட்டு"ங்கும். ரெண்டு துறைக்கு நடுவுல நிக்கிற ஐடியாவை "இது உயிரியலே இல்ல"ன்னு ஒரு கமிட்டியும் "இது கம்ப்யூட்டர் சயன்ஸே இல்ல"ன்னு இன்னொரு கமிட்டியும் தள்ளிடும். சான்டா குரூஸ் பட்டறைக்கு வந்தாரே லீ ஹூட், அவர் கால்டெக்ல டி.என்.ஏ. படிக்கிற தானியங்கி மெஷின் செய்ய அரசு நிதி கேட்டு நிராகரிக்கப்பட்டு, தனியார் பணத்துலதான் அதைத் தொடர்ந்தார். 1986-ல வெளிவந்த அந்த மெஷினோட வாரிசுகள்தான் பின்னாடி ரெண்டு கட்சிக்கும் ஜீனோம் படிச்சுக் கொடுத்தது. அதே ஹூட் 2000-ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வந்து சியாட்டில்ல சிஸ்டம்ஸ் பயாலஜிக்கு தனி நிறுவனமே தொடங்கினார். எல்லாத் துறையையும் ஒண்ணாப் போட்டுக் குழைக்கிற அந்த வேலைக்குப் பல்கலைக்கழகச் சட்டதிட்டம் ஒத்து வரலைங்கிறது அவர் அனுபவம்.

எல்லா விதையும் முளைக்காது. விதைப்பணம் வாங்கின பல ஐடியா ஒரு ரிப்போர்ட்டோட படுத்துடும். நாம வரலாறா எழுதுறது முளைச்சதை மட்டும்தான், அதனால இது ரொம்ப சுலபமான விஷயம் மாதிரித் தெரியும். சின்ஷைமரோட பட்டறையை 1987-ல கணக்குப் பார்த்திருந்தா ஆடிட்டர் என்ன எழுதியிருப்பார்? "செலவு: ஒரு கூட்டம். வரவு: பூஜ்யம்." அவர் கேட்ட கட்டடம் வரல, பணம் வரல. ஆனா 300 கோடி டாலர் திட்டத்தோட முதல் கூட்டம் அதுதான். விளைஞ்ச வயல் வேற, அவ்வளவுதான்.

ரெண்டு தடவையும் ஒரே விஷயம்தான் வேலை செஞ்சது. பக்கத்துல இருந்த ஒரு ஆள், விஷயம் தெரிஞ்சவங்க மேல நம்பிக்கை வெச்சு, ஆதாரம் கேக்காம, சீக்கிரமாக் கொடுத்தது. தொகை ரெண்டாம் பட்சம். அதே நூறு பென்டியம் ஒரு வருஷம் கழிச்சு, எல்லாக் கையெழுத்தும் வாங்கி ஜம்முன்னு வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? கம்ப்யூட்டர் லேப் திறப்பு விழா போட்டோ கிடைச்சிருக்கும்.

காலேஜ் கடைசி வருஷத்துல நானும், விவசாயக் கல்லூரியில படிச்ச என் ஃப்ரெண்டும் சேர்ந்து நெற்பயிர் இலையோட போட்டோவை வெச்சு நோய் கண்டுபிடிக்கிற ப்ராஜெக்ட் ஒண்ணு யோசிச்சோம். சில ஆயிரம் ரூபாய் கேமராவும் ஒரு போர்டும் வேணும். காலேஜ்ல கேட்டப்போ கிடைச்ச பதில், "முதல்ல அவுட்புட் காட்டுங்கப்பா, அப்புறம் பார்க்கலாம். அதுவும் வேற காலேஜ் பையனோட எப்படி?" நான் லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம் பண்ணி பாஸ் ஆனேன். எங்க ஐடியா உலகத்தை மாத்தியிருக்கும்னு எல்லாம் சொல்லல. அனேகமா தேறியிருக்காது. ஆனா தேறாதுன்னு தெரிஞ்சுக்கிற உரிமை கூட எங்களுக்குக் கிடைக்கல. அந்தப் பையன் இப்போ வங்கி வேலையில இருக்கான், நல்லா இருக்கான்.

கடைசியா ஒண்ணு. 2000-ல ஒட்டினது வரைவுதான், 2003-ல முடிஞ்சதுன்னு அறிவிச்சதுலயும் 8 சதவீதம் போல ஓட்டை இருந்தது. எல்லாம் அந்தப் பல்லவி ஏரியா. அதையும் அடைச்சு முழுசாப் படிச்சு முடிச்சோம்னு 2022 மார்ச் கடைசியில ஒரு பன்னாட்டுக் குழு கட்டுரைகள் வெளியிட்டது. அந்தக் குழுவை நடத்தின ரெண்டு பேர்ல ஒருத்தர் ஆடம் ஃபிலிப்பி. இன்னொருத்தர் கேரன் மிகா. மிகா எந்த ஊர்னு நினைக்கிறீங்க?

சான்டா குரூஸ்.

1985-ல வரவு பூஜ்யம்னு எழுதப்பட்டிருக்க வேண்டிய அதே கேம்பஸ். முப்பத்தேழு வருஷம் ஆச்சு. ஆச்சி கிட்ட சொல்லியிருந்தா ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாங்க. "கோட்டையில இருந்த நெல்லுடா, முளைக்காம எங்க போகும்?"னு கேட்டிருப்பாங்க.

நாளைக்கு அந்த ஃபார்மை மறுபடியும் திறக்கணும். பலன் கட்டத்துல என்ன எழுதுறதுன்னு யாருக்காவது தோணினா சொல்லுங்க மக்களே. நான் இப்போதைக்கு "முளைத்தால் தெரியும்"னு எழுதி வெச்சிருக்கேன்.

டிஸ்கி: டேமேஜர் இதைப் படிக்க மாட்டார்ங்கிற தைரியத்துல எழுதினது :-)